ஒரு கம்பளி வீட்டுக்கு ரெண்டு தீர்ப்பு

...இது நியாயமா தம்பி, நீங்களே சொல்லுங்க. வீடு ஒண்ணு. தீர்ப்பு ரெண்டு. ஒரு தீர்ப்பு வீடு என்னுதுங்குது, இன்னொண்ணு என் சம்பந்தியோடதுங்குது. ரெண்டுலயும் சீல் இருக்கு, ரெண்டுலயும் கையெழுத்து இருக்கு. நீங்க என்னடான்னா ரெண்டாவதை மட்டும் பையில வச்சுக்கிட்டு லாரியோட வந்து நிக்கறீங்க.

ஒக்காருங்க. அங்க இல்ல, இன்னும் உள்ள தள்ளி, கதவுக்கு நேர் எதிர்ல. அது விருந்தாளி எடம். வீட்டைப் புடுங்கிட்டுப் போக வந்த கோர்ட்டு அமீனாவா இருந்தாலும் விருந்தாளி விருந்தாளிதானே. நான் இப்படியே கதவு நெலையில சாஞ்சுக்கறேன், முதுகு வலி. உங்க ஆளுங்க ரெண்டு பேரும் லாரிகிட்ட நிக்கட்டும், சைரா அவங்களுக்கு ஏதாவது குடுப்பா. சைரா என் சம்சாரம். ஆட்டுத்தலை வெந்துக்கிட்டிருக்கு. அது வேகற வரைக்கும் பேப்பரை வெளிய எடுக்கக் கூடாது. நம்ம பழக்கம் உங்களுக்குத் தெரியாததா.

டீ என்ன ஒரு மடக்குதான் ஊத்தியிருக்கேன்னு பாக்கறீங்களா? தெரிஞ்சுதான் ஊத்தினேன். கொஞ்சமா ஊத்தினா இன்னும் இருங்கன்னு அர்த்தம். விளிம்பு வரைக்கும் ஊத்தினா எழுந்திரிச்சுப் போங்கன்னு அர்த்தம். உங்களுக்கு நான் இன்னிக்குப் பூரா ஒவ்வொரு மடக்காத்தான் ஊத்துவேன்.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், நியாயம். தம்பி, இது சாதாரண கம்பளி வீடு இல்ல. மேல நிமிந்து பாருங்க, கூரைக் கழியெல்லாம் போயி சேர்ற அந்த உச்சி வளையம் எவ்வளவு அகலம்? நம்ம சூசமிர் மேய்ச்சல்ல எல்லாரும் வீடு போட்டிருக்கான், ஆடு முட்டினா ஆடுற வீடு. இதுக்குள்ள ஒரு கல்யாணமே ஒக்காந்து சாப்பிடும். எத்தனை கல்யாணம் நடந்திருக்கு! நான்தானே நடத்தி வைக்கிறவன். நடத்தி வைக்கிறதுன்னா சமையல் இல்ல, பேச்சு. மாப்பிள்ளையப் பத்தி ரெண்டு வார்த்தை, பொண்ணப் பத்தி நாலு வார்த்தை, அப்பறம் ஒவ்வொரு பெரியவரா எழுப்பி விட்டுப் பேச வைக்கணும், பேசினவரை ஒக்கார வைக்கணும். அதுதான் கஷ்டம். ஷைலோபெக்னு எங்க வேணா கேளுங்க. கேட்டிருப்பீங்க. எங்கயாவது ஒரு கல்யாணத்துல என்னைக் கேட்டிருப்பீங்க.

கேட்டதில்லையா? சரி, இன்னிக்குக் கேளுங்க.

இந்த வெள்ளை வீடு போனா நான் எங்க நின்னு பேசறது? மைதானத்துலயா? வெட்டவெளியில பேசினா வார்த்தை காத்துல போயிடும் தம்பி.

சம்பந்தி யாரு? செரிக்கலி. மலைக்கு அந்தப் பக்கம், எல்லை தாண்டி. கசாக் நாட்டுக்காரன். என் பொண்ணு அய்பெரியை அவன் பையனுக்குத்தான் குடுத்திருக்கு. மாப்பிள்ளை தங்கமான பையன், வாயையே தொறக்க மாட்டான். என் வீட்டுக்கு மாப்பிள்ளையா வர்றவனுக்கு அது ஒரு தகுதி. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினா கேக்கறது யாரு?

இந்த செரிக்கலி அங்க ஒரு ஏரிக்கரையில டூரிஸ்ட்டுங்க தங்க எடம் வச்சிருக்கான். எங்கெங்கயோ இருந்து வருவாங்க, கம்பளி வீட்டுல மல்லாந்து படுத்து உச்சி வளையம் வழியா நட்சத்திரம் பாப்பாங்க, கிமிஸ் குடிப்பாங்க, மறுநாள் குதிரைப் பால் ஒத்துக்கலைன்னு வயித்தைப் புடிச்சுக்கிட்டுப் போவாங்க. அதுக்குத்தான் என் வீட்டைக் கேட்டான். குடுத்தேன். வாடகைக்குக் குடுத்தேன். வா-ட-கை. ஒரு கோடைக்கு. இலை உதிர ஆரம்பிச்சதும் போயி என் வீட்டை நானே கழட்டி ஏத்திட்டு வந்துட்டேன். அதுக்கு அவன் என்ன சொல்றான் தெரியுமா? "சம்பந்தி, அது வாடகை இல்ல, அது உங்க பொண்ணுக்கு நீங்க குடுத்த சீரு"ங்கறான்.

சீராம். பொண்ணுக்குக் கம்பளி வீடு சீர் குடுக்கற வழக்கம் அந்தக் காலத்துல இருந்துச்சு, ஒத்துக்கறேன். இப்ப யாரு தம்பி குடுக்கறா? வாஷிங் மெஷின் குடுக்கறாங்க. நானும் குடுத்தேன். நல்ல மெஷின், துணி போடறப்ப குதிக்கும், அவ்வளவுதான்.

சாப்பிடுங்க, அந்த பூர்சோக் இப்பத்தான் எண்ணெயில பொரிச்சது, சூடா இருக்கு. க்ரீம்ல தொட்டுக்கோங்க.

இப்பப் பாருங்க, நான் முன்யோசனை இல்லாதவன் இல்ல. சம்பந்திக்குள்ள ஒரு நாள் தகராறு வரும்னு எனக்குத் தெரியும். வந்தா எங்க போறது? நம்ம ஊர்க் கோர்ட்டுக்குப் போனா ஜட்ஜு எனக்கு ஏதாவது வகையில ஒறவா இருப்பாரு. அவன் ஊர்ல போனா அவனுக்கு ஒறவு. அதனால யாருக்குமே ஒறவில்லாத ஒரு ஊர் வேணும்னு சொன்னேன். எங்க அக்கா பொண்ணு நுர்ஜமால் பிஷ்கெக்ல வக்கீலு. அவதான் ஒப்பந்தம் எழுதினா. ஒரு தங்கச் சுரங்கக் கம்பெனிக்கு எழுதினது கையில இருந்துச்சாம், அதுல சுரங்கத்தை அடிச்சுட்டு வீட்டைப் போட்டா. கோர்ட்டுக்கே போகாம, ஸ்டாக்ஹோம்ல மத்தியஸ்தம் பண்ணித் தீத்துக்கணும்னு அதுல இருந்துச்சு. ஸ்டாக்ஹோம்! ஸ்வீடன்ல நமக்கு யாரு இருக்கா? ஒரு ஈ காக்கா கெடையாது. பிரமாதம், அப்படியே வைன்னுட்டேன்.

ஒண்ணு ரெண்டு எடத்துல அடிக்க மறந்துட்டா. குடைஞ்ச சுரங்கத்துல தண்ணி புகுந்தா யாரு பொறுப்பு, சயனைடு கசிஞ்சா யாரு பொறுப்புன்னு அப்படியே இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். சயனைடுக்கு செரிக்கலிதான் பொறுப்பு, அது எனக்கு சாதகம்தான்.

அவன் படிக்கவே இல்ல தம்பி. சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டான். "நமக்குள்ள எதுக்கு சம்பந்தி பேப்பரு"ன்னு தோள்ல தட்டினான். அதே கை இப்ப என்மேல கேஸ் போட்டிருக்கு.

ஸ்டாக்ஹோம் மத்தியஸ்தம் எப்படி நடந்துச்சுன்னு கேக்கலையே நீங்க. கேக்கணும். அந்த ஊருக்கு யாரு போறது, எல்லாம் போன்லயே படம் தெரியற மாதிரி வச்சுக்கிட்டாங்க. நடுவரா ஒரு வயசான அம்மா, வெள்ளை முடி, மூக்குக் கண்ணாடி. இங்க வீட்டுக்குள்ள சிக்னல் கெடைக்காது. அதனால நான் குதிரை மேல ஏறி அந்த மேட்டுக்குப் போனேன். குதிரை சும்மா நிக்குதா? நான் பேசறப்பல்லாம் தலையைத் தூக்கி முன்னாடி நீட்டுது. அந்த அம்மா ரொம்ப மரியாதையா, "இவர் சாட்சியா?"ன்னு கேட்டாங்களாம்.

நான் அன்னிக்குப் பேசினேன் பாருங்க... மழை மாதிரி. வீட்டோட வரலாறு, கம்பளிக்கு ரோமம் குடுத்த ஆடுங்களோட கொணம், செரிக்கலி கல்யாணத்துல எவ்வளவு சாப்பிட்டான், ஒண்ணு விடல. கடைசியிலதான் தெரியுது, அந்தப் பக்கம் எதுவுமே கேக்கலையாம். நுர்ஜமால் பிஷ்கெக்ல இருந்துக்கிட்டே என்னோட சத்தத்தை நிறுத்தி வச்சுட்டா. ஏதோ பட்டனாம். அவ மட்டும் ரெண்டு வரி பேசினா: இது வாடகை ஒப்பந்தம், இதோ கையெழுத்து. முடிஞ்சுது. இருந்தும் ஜெயிச்சோம் தம்பி! நான் பேசினது ஒண்ணும் கேக்காமலே ஜெயிச்சோம்னா, கேட்டிருந்தா எப்படி ஜெயிச்சிருப்போம்னு யோசிச்சுப் பாருங்க.

தீர்ப்பு வந்துச்சு. வீடு ஷைலோபெக்குது. அந்தத் தீர்ப்பு எந்த நாட்டுக்குப் போனாலும் செல்லுமாம், அதுக்குன்னு உலகம் பூரா சேந்து ஒப்பந்தம் போட்டிருக்காங்களாம். பிரேசில்ல போய் நான் இந்த வீட்டை நட்டாலும் ஒருத்தன் தொட முடியாது. நுர்ஜமால்தான் சொன்னா. ஆனா பாருங்க, எனக்கு பிரேசில்ல என்ன வேலை? எனக்கு வேண்டியது இந்த ஒரு மேடு. இங்கதான் செல்லல.

ஏன் செல்லல? அதுக்குள்ள செரிக்கலி தன் ஊர்க் கோர்ட்டுல கேஸ் போட்டு ஒரு தீர்ப்பு வாங்கிட்டான். மத்தியஸ்தம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டவன் கோர்ட்டுக்குப் போகலாமா? போனா அந்த ஜட்ஜு என்ன பண்ணணும்? "இங்க வராத, போயி மத்தியஸ்தத்துல பேசு"ன்னு வாசல்லயே திருப்பி அனுப்பணும். அனுப்பல. ஏன் அனுப்பலைன்னா... அது ஒரு சின்ன விஷயம், அப்பறம் சொல்றேன்.

அந்தத் தீர்ப்பு எப்படி எல்லை தாண்டி இங்க வந்துச்சு, அதைக் கேளுங்க. நம்ம நாடும் அவங்க நாடும் ஒரு காலத்துல ஒண்ணாத்தானே இருந்தோம். பிரிஞ்சப்ப பெரியவங்க ஒக்காந்து, உன் கோர்ட்டு சொன்னதை என் கோர்ட்டு கேக்கும், என் கோர்ட்டு சொன்னதை உன் கோர்ட்டு கேக்கும்னு எழுதிக்கிட்டாங்களாம். யாரு அவங்களை எழுதச் சொன்னது? பிரிஞ்சாச்சுன்னா பிரிஞ்சாச்சு. அதனால செரிக்கலியோட தீர்ப்பு சொந்தக்காரன் மாதிரி செருப்பைக் கழட்டிட்டு நேரா உள்ள வந்துருச்சு. ஸ்டாக்ஹோம் தீர்ப்பு வெளியூர்க்காரன் மாதிரி வாசல்ல நிக்குது. இது ஒரு ஒப்பந்தம், அது ஒரு ஒப்பந்தம். ரெண்டும் எங்க வீட்டு வாசல்ல முட்டிக்கிட்டா எது மொதல்ல உள்ள வரணும்னு ரெண்டுலயும் ஒரு வார்த்தை கெடையாதாம். ஒண்ணு இருக்கறதே இன்னொண்ணுக்குத் தெரியாது போலிருக்கு. இத்தனை படிச்சவங்க ஒக்காந்து எழுதறீங்களே, ஒரே வீட்டுக்கு ரெண்டு பேரு வந்தா என்ன பண்றதுன்னு ஒரு ஆளு கேக்கல பாருங்க.

நம்ம ஊர் ஜட்ஜம்மா இருக்காங்களே, ரெண்டு பேப்பரையும் பாத்தாங்க. பாத்துட்டு என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. என்ன கேள்வின்னா... இருங்க, தலை வெந்துருச்சான்னு பாக்கறேன். ஏ சைரா! வேகலையா? சரி.

என்ன சைரா, பெட்டியை எதுக்குத் தூக்கிட்டுப் போற? வெயில்ல காய வைக்கவா? வை வை.

அவளுக்கு என்மேல கோவம் தம்பி. கேஸ் வந்ததுல இருந்து பொண்ணு இங்க வர்றதில்ல, நாங்க அங்க போறதில்ல. "வீட்டைக் குடுத்துத் தொலைங்க, என் பொண்ணு மொகத்தைப் பாக்கணும்"ங்கறா. பொம்பளைங்களுக்குச் சட்டம் புரியாது. நுர்ஜமால் வேற, அவளுக்குப் புரியும். நுர்ஜமால் புலி. இப்பக்கூட பாருங்க, காலையில நான் அந்த மேட்டுல நிக்கறப்ப போன் பண்ணி, "மாமா, அமீனா வந்தா தின்னக் குடுத்துப் பேச்சுக் குடுத்து ஒக்கார வச்சுருங்க, மேல்கோர்ட்டுல ஸ்டே குடுத்துட்டாங்க, பேப்பரை எடுத்துக்கிட்டு நான் கெளம்பிட்டேன், நான் வர்ற வரைக்கும் வீட்டு மேல கை வைக்க விடாதீங்க, ஆனா ஸ்டே விஷயத்தை மட்டும் அவருகிட்ட மூச்சு விட்ரா..."

...

அதாவது... ஒரு பேச்சுக்குச் சொன்னேன். வருவாளோ, மாட்டாளோ. வர்ற வழியில மலைச் சுரங்கப்பாதை இருக்கே, அதுல எப்பவும் வண்டி அடைச்சுக்கிட்டு நிக்கும்.

எங்க தம்பி எழுந்திருச்சுட்டீங்க? சிகரெட்டா? உள்ளயே புடிங்களேன், மேலதான் வளையம் இருக்கே, பொகை போயிடும். உள்ள புடிக்கிற பழக்கம் இல்லையா. சரி, சீக்கிரம் வாங்க... பாத்து, படியை மிதிக்காம தாண்டிப் போங்க. நல்ல மனுஷன், மிதிக்கல.

சைரா, அவரு உன்கிட்ட என்ன பேசினாரு? ஒண்ணும் இல்லையா? நீ ஏன் சிரிக்கிற?

வந்துட்டீங்களா? வாங்க வாங்க, நான் பயந்தே போயிட்டேன். ஒக்காருங்க. இந்தா, சைராவே உங்களுக்கு டீ எடுத்துட்டு வந்துட்டா... ஏ, என்ன இப்படி விளிம்பு வரைக்கும் ஊத்திக் குடுக்கற? விருந்தாளிக்கு இப்படியா ஊத்துவாங்க? மன்னிச்சுக்கோங்க தம்பி, கை தவறிடுச்சு அவளுக்கு. பாதியை என் கிண்ணத்துல ஊத்துங்க. அப்படி. இப்ப மரியாதையா இருக்கு.

எங்க விட்டேன்? ஜட்ஜம்மா கேட்ட கேள்வி. "நீங்க அந்தப் பக்கத்துக் கோர்ட்டுக்குப் போனீங்களா? போயி என்ன பேசினீங்க?" இதுதான் கேள்வி. போனேன்தான். கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா? செரிக்கலி என்ன இருந்தாலும் சம்பந்தி. நுர்ஜமாலும் கூட வந்தா. வண்டியில போறப்பல்லாம் எனக்கு ஒரே பாடம். "மாமா, எழுந்திரிங்க. எங்களுக்குள்ள மத்தியஸ்த ஒப்பந்தம் இருக்கு, இந்தக் கோர்ட்டு இதை விசாரிக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. ஒக்காந்துருங்க. அதுக்கு மேல வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசினாலும், நீங்க அந்தக் கோர்ட்டை ஒத்துக்கிட்டதா ஆயிடும். மத்தியஸ்தம் அதோட போச்சு." அப்படின்னா. என்கிட்ட! ஒரு வரி சொல்லிட்டு ஒக்காருன்னு என்கிட்ட!

சரின்னுதான் போனேன் தம்பி. சத்தியமா ஒரு வரிதான் சொல்லணும்னு போனேன். ஆனா அந்த ஜட்ஜு என்ன பண்ணாரு? கண்ணாடியை எறக்கி என்னைப் பாத்து, ரொம்ப மரியாதையா, "இப்போ பெரியவர் ஷைலோபெக் பேசுவார்"னாரு.

அப்படியே. அதே வார்த்தை. மேடையில சொல்ற அதே வார்த்தை. முன்னாடி வரிசை வரிசையா ஆளுங்க. சம்பந்தி வீட்டு ஆளுங்க ஒரு பக்கம், நம்ம ஆளுங்க ஒரு பக்கம், நடுவுல பெரிய மேஜை. சாப்பாடு மட்டும்தான் இல்ல. பேசுன்னு அவை சொன்னதுக்கப்பறம் ஒருத்தன் ஒரு வரி சொல்லிட்டு ஒக்காந்தா அது அவைக்கு அவமானம் இல்லையா? நீங்களா இருந்தா ஒக்காருவீங்களா?

ஒக்காந்திருப்பீங்க போல. நீங்க வேற மாதிரி ஆளு. வந்ததுல இருந்து நீங்க ஒரு வார்த்தை பேசல, நான் கவனிச்சுட்டுத்தான் இருக்கேன்.

நான் பேசறப்ப கண்ணை மூடிக்குவேன். இதோ இப்படி. மூடினாத்தான் வார்த்தை வரும். அன்னிக்கும் மூடிட்டேன். நுர்ஜமால் பின்னாடி இருந்து கோட்டைப் புடிச்சு இழுத்தாளாம், கையைக் காட்டினாளாம், கடைசியில செருப்பைக் காட்டினாளாம். எனக்கென்ன தெரியும்? நான் கல்யாணத்துல இருந்து ஆரம்பிச்சேன். அதுதானே மொறை? அய்பெரி எப்படிக் குதிரையில இருந்து எறங்கினா, மாப்பிள்ளை எப்படி வெக்கப்பட்டான், செரிக்கலியோட தொப்பி எப்படி சூப்புல விழுந்துச்சு... எல்லாரும் சிரிக்கிறாங்க தம்பி. ஜட்ஜு சிரிக்கிறாரு. தட்டச்சு பண்ற பொண்ணு கண்ணைத் தொடைச்சுக்கிட்டுத் தட்டுது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஒருத்தரும் எழுந்திரிக்கல. ஒரு கோர்ட்டுல அந்த மாதிரி ஒரு பேச்சு நடந்ததே இல்லையாம்.

என்ன, காத்து சில்லுனு வருது. கம்பளியை எங்கயாவது தூக்கி விட்டிருக்காளா? நல்லதுதான், உள்ள புழுக்கமாத்தான் இருந்துச்சு. நான் கண்ணைத் தொறக்க மாட்டேன், தொறந்தா விட்டுப் போயிடும்.

மத்தியஸ்தம்ங்கற வார்த்தையை நான் சொன்னேனா? சொன்னேனே. கடைசியில சொன்னேன், கீழ எறங்கறப்ப. "ஆங், ஒண்ணு மறந்துட்டேன், எங்களுக்குள்ள மத்தியஸ்த ஒப்பந்தம் இருக்கு"ன்னேன். ஜட்ஜு சொன்னாரு, "பெரியவரே, அதை மொதல்ல சொல்லியிருக்கணும். இப்ப நீங்க முழுக் கேஸையும் பேசி முடிச்சுட்டீங்களே." இதுதான் அந்தச் சின்ன விஷயம். நம்ம ஜட்ஜம்மாவும் அதையேதான் சொன்னாங்க. "அங்க போயி அவ்வளவு நேரம் பேசிட்டு, இங்க வந்து அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லைன்னா நான் எப்படிய்யா கேக்கறது? அவங்க தீர்ப்பு மொதல்ல முடிஞ்சிருக்கு, நீங்களும் அதுல நின்னு பேசியிருக்கீங்க, அதுதான் செல்லும்"னு ஸ்டாக்ஹோமை ஓரமா வச்சுட்டாங்க. பாவம் அந்த வெள்ளை முடி அம்மா.

அது என்ன டொக்கு டொக்குனு சத்தம்? சைரா வெறகு ஒடைக்கிறா போல. தலை வேகறதுக்கு இன்னும் வெறகு வேணும்ல. ஒடைக்கட்டும்.

சரி, பேசினேன். பேசினா தோக்கணும்னு என்ன சட்டம்? நல்லாப் பேசினா ஜெயிக்கணும்ல? அங்கதான் தம்பி செரிக்கலியோட வக்கீலு ஒரு வேலை பண்ணான். ஒல்லியா ஒருத்தன், கழுத்துல டை. நான் முடிச்சு ஒக்காரப் போறேன், அவன் எழுந்து, "ஐயா, அன்னிக்குக் கல்யாணத்துல உங்க பேச்சு ரொம்ப பிரபலமாமே, அதைக் கொஞ்சம் சொல்லிக் காட்டறீங்களா?"ன்னான்.

எவ்வளவு நல்லவன்னு நெனச்சேன். எதிர்க்கட்சி வக்கீலே கேக்கறான்! நுர்ஜமால் "ஆட்சேபணை"ன்னு கத்தினா. என் அக்கா பொண்ணே எனக்கு ஆட்சேபணை. நான் விடுவேனா? அந்தப் பேச்சு எனக்கு இன்னும் வரி வரியா மனப்பாடம். கேளுங்க, சொல்றேன். இதே வீடுதான், இதே எடந்தான். அய்பெரி அங்க, நீங்க இருக்கற எடத்துக்குப் பக்கத்துல, சிவப்பு முக்காடு. நான் இதோ இப்படி எழுந்து நின்னு... வேண்டாம், முதுகு, சாஞ்சுக்கிட்டே சொல்றேன். கிண்ணத்தைத் தூக்கி...

"சம்பந்தி! என் மக உங்க வீட்டுக்கு வர்றா. வெறுங்கையோட வரல. ஊர்ல ஒருத்தன் கம்பளம் குடுப்பான், ஒருத்தன் குதிரை குடுப்பான். இந்த ஷைலோபெக் என்ன குடுப்பான்? சபையோரே, தலையைத் தூக்கிப் பாருங்க! இந்த வெள்ளை வீட்டை, என் மூச்சு ஓடற இந்த வீட்டை, உச்சி வளையத்துல இருந்து கதவு வரைக்கும், என் மக அய்பெரிக்குக் குடுக்கறேன்!"

எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க தம்பி. சைரா அழுதா. அய்பெரி வந்து என் கழுத்தைக் கட்டிக்கிட்டா. அந்த மாதிரி ஒரு கைதட்டல் என் வாழ்க்கையிலயே வாங்கினதில்ல.

மேடையில சொல்றதெல்லாம் ஒரு கணக்கா? கல்யாணத்துல எல்லாரும்தான் சொல்லுவான். மலையைத் தர்றேம்பான், நெலாவைத் தர்றேம்பான், மறுநாள் எவன் போயி நெலாவைக் கேக்கறான்? அதனாலதான் மறுநாள் காலையில எழுந்து உக்காந்து யோசிச்சுட்டு, நுர்ஜமாலைக் கூப்பிட்டு, வாடகைன்னு ஒரு பேப்பர் போடச் சொன்னேன். அந்த சுரங்கப் பேப்பர் அப்படி வந்ததுதான். அது... அதை நான் ஏன் கோர்ட்டுல சொல்லிக் காட்டினேன்னா... கேட்டாங்க, சொன்னேன். கோர்ட்டுலயும் கைதட்டினாங்க. செரிக்கலிகூடத் தட்டினான். அவன்தான் ரொம்ப நேரம் தட்டினான்.

குடுத்தேன்தான் தம்பி. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. அந்த நிமிஷம் மனசாரத்தான் குடுத்தேன். பாழாப்போன மறுநாள் காலையிலதான் மனசு மாறிடுச்சு.

...மூக்குல என்னமோ சொட்டுச்சு.

மழையா? வீட்டுக்குள்ள ஏது மழ...

தம்பி. வானம் தெரியுது.

கம்பளி எங்க? தட்டி எங்க? கூரைக் கழியெல்லாம் எங்க? உச்சி வளையம்... ஐயோ, அது லாரி மேல இருக்கு. சைரா! நீ ஏன் கயித்தைக் கட்டற? அவனுங்க கட்டினா கழி ஒடஞ்சிடுமா? அதுக்காக நீயா? நீயேவா எல்லாத்தையும் கழட்டின? டொக்கு டொக்குனது நீதானா?

அமீனா தம்பி, நீங்க பேசாம டீ குடிச்சுக்கிட்டே இருந்தீங்களே, உங்க தலைக்கு மேல வீடு போறதைப் பாத்துக்கிட்டே இருந்தீங்களே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? குறுக்க பேசக் கூடாதுன்னு மரியாதையா? ம். அது சரி. அது மரியாதைதான். உங்களைக் குத்தம் சொல்ல முடியாது.

கெளம்பிட்டீங்களா? தலை இன்னும் வேகலையே. சரி... கையெழுத்தா? எங்க, இங்கயா? போட்டுட்டேன். வாங்க... அட, எதுக்குக் கதவு வழியா சுத்திப் போறீங்க, சுத்தி வெறும் புல்லுதானே. கதவு வழியாத்தான் போவீங்களா. இருங்க, காலை மடக்கிக்கறேன். படியையும் மிதிக்காம தாண்டறாரு பாரு. இந்த மனுஷன்மேல எப்படிக் கோவப்படறது.

கதவை மட்டும் ஏன் விட்டுட்டுப் போறீங்க? நான் சாஞ்சிருந்தேனா. எழுப்பக் கூடாதுன்னு சொன்னாளா அவ? சைரா, நீ எங்க லாரியில ஏறற? அங்க போயி யாரு நடுவாங்களா? அவனுங்களுக்கு நட வராது, அது எனக்கும் தெரியும். அய்பெரிகிட்ட... சொல்லு. அப்பா... அப்பா நல்லா இருக்கேன்னு சொல்லு. சைரா! அந்தத் தலை?

போயிட்டா.

போன் அடிக்குது. பாரு, வீட்டுக்குள்ள ஒரு நாள் அடிச்சதில்ல, இப்ப என்னமா அடிக்குது. கம்பளிதான் சிக்னலைத் தடுத்துக்கிட்டிருந்திருக்கு. தெரிஞ்சிருந்தா அன்னிக்குக் குதிரை ஏறியிருக்க வேண்டாம்.

ஹலோ, நுர்ஜமால்! சொல்லும்மா. சுரங்கப்பாதையைத் தாண்டிட்டியா? நல்லது. ஸ்டே பேப்பர் கையில இருக்கா? "வீடு எப்படி நிக்குதோ அப்படியே நிக்கணும்"னு போட்டிருக்கா? நல்ல உத்தரவும்மா. அழகா எழுதியிருக்காங்க. வீடு நிக்குதாவா?

கதவு நிக்குது.

இல்லம்மா, கதவு மட்டும். நானும் இருக்கேன். கதவு நல்லா கெட்டியா நிக்குது... நான் என்னத்த பேசினேன், சும்மா ரெண்டு வார்த்தை. ஸ்டேயைப் பத்தியா? ஹலோ? சிக்னல் விட்டு விட்டு வருதும்மா. கத்தாத, கேக்குது, கேக்குது.

நுர்ஜமால், ஒரு நிமிஷம் இரு. உன் அத்தை எனக்கு டீ ஊத்தி வச்சுட்டுப் போயிருக்கா. விளிம்பு வரைக்கும். ஒரு சொட்டு அதிகமா விழுந்தா வழிஞ்சிடும், அப்படி ஊத்தியிருக்கா. என் கிண்ணத்துல, எனக்கு.

...

சரிம்மா. நீ வந்த வழியே திரும்பாத. நேரா இங்க வா, உன் வண்டி கூரை மேல ஒரு கதவைக் கட்டணும். பாதி வெந்த ஆட்டுத்தலை ஒண்ணும் இருக்கு, அதையும் ஏத்திக்கலாம். அப்படியே தலாஸ் வழியா எல்லைக்கு விடு. உச்சி வளையத்துல இருந்து கதவு வரைக்கும்னு சபையில சொல்லியிருக்கேன், கதவு இல்லாம அய்பெரி எப்படிக் குடி போவா?

அங்க போயி என்ன பேசப் போறீங்களாவா? ஒண்ணும் பேச மாட்டேன். கதவை எறக்கி வச்சுட்டு வந்துருவேன். ஆனா ஒண்ணும்மா... ஒரு வீட்டை நட்டா, யாராவது எழுந்து நின்னு ரெண்டு வார்த்தை பேசணும்ல?